மணந்து பார்க்கிற பாடம்

நிரோஜனுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்கோ.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வாத்திமார் தீவுக்கு வர வழியில்லை. நாரந்தனையில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், நிரோஜன் வீட்டுக் குசினியைத் திறந்தார்கள். அங்கே அவன் மனைவி பவதாரணி, ஏழு வயது தாரிகாவுக்கும் ஐந்து வயது சுலக்சனுக்கும் தமிழ் படிப்பிக்கிறாளாம். எப்படி? கொப்பி கிடையாது, பென்சில் கிடையாது. தோசைமாவில் எழுத்து ஊற்றுகிறாள். வாசித்துக் காட்டினால் தின்னலாம். சுலக்சன் உயிரெழுத்து முழுவதையும் விழுங்கிவிட்டு, ஆய்த எழுத்தும் வேணுமென்று அழுதுகொண்டிருந்தான்.

நிரோஜன் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினான்.

"இதென்ன கூத்து? தமிழுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ? நானெல்லாம் அடி வாங்கிப் படிச்சனான்!"

"அதுதான் ஒண்டும் மண்டையில நிக்கேல்லைப் போல," என்றாள் பவதாரணி, தோசையைத் திருப்பியபடி. "ஏலுமெண்டா நீங்கள் படிப்பியுங்கோவன், பாப்பம்."

"ஏலாதெண்டு நினைச்சீரோ? நாளைக்கே தொடங்கிறன்!"

சொல்லிவிட்டானே தவிர, படிப்பிக்கிற எண்ணம் அவனுக்கு இல்லை. அவன் தலைக்குள் வேறு கவலை. அம்மன் கோயிலில் கொடியேறியிருந்தது. கொடியேறினால் இறங்கும்வரை வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஊர் வழக்கம் அது. அதிலும் ஒன்பதாம் திருவிழா பவதாரணி வீட்டாருடையது. போன வருஷம் அவளுடைய தமையன் கேதீஸ் முன்னுக்கு நின்று, ஐயரின் கையால் கோயில் மரியாதையான காளாஞ்சி வாங்கி, ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். இந்த வருஷம் நிரோஜனின் முறை. ஒரு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவன் காத்திருந்தான். மீன், இறைச்சி என்று மச்சம் தொட்டவன் அந்த இடத்தில் நிற்க ஏலாது.

ஆனால் பூசணிக்காய், கத்தரிக்காய், திரும்பவும் பூசணிக்காய் என்றால் ஒரு மனுசன் எவ்வளவைத்தான் பொறுப்பான்? கடற்கரையில் செபஸ்தியம்மாவின் வீடு. மாதாவைக் கும்பிடுகிற வேதக்கார வீடு, அந்த அடுப்புக்குக் கொடியேற்றம் கிடையாது. அவள் நண்டு காய்ச்சினால் காற்று அதை நேரே நிரோஜனின் மூக்குக்குக் கொண்டுவந்து தரும். இதுவும் அநியாயம்தானே?

அடுத்த நாள் பின்னேரம் நிரோஜன் அறிவித்தான். "பிள்ளையளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன். அங்கதான் பாடம். விளையாட்டாப் படிச்சாத்தான் ஏறும்."

"நேற்று வேற மாதிரிச் சொன்னியள்?"

"மனுசன் எண்டா முன்னேறத்தான் வேணும்!"

கடற்கரையில் பிள்ளைகளை நிறுத்திக் கட்டளை இட்டான். "ஞ எழுத்தில தொடங்கிற சாமானாப் பாத்துப் பொறுக்கிக்கொண்டு வாங்கோ. கிடைக்காமல் திரும்பக் கூடாது." கிடைக்கவா போகுது? பிள்ளைகள் அலைந்தார்கள். நிரோஜன் செபஸ்தியம்மாவின் குசினியில் நண்டுக்கால் கடித்தான்.

ஒன்றும் கிடைக்காத பிள்ளைகள் ஒரு சிப்பிக்கு ஞானம்மா என்று பெயர் வைத்து, அவளுக்குக் கலியாணமும் பேசி, அந்தக் கதையைத் தகப்பனுக்குச் சொன்னார்கள். வாய் உறைப்பில் எரிய, "முழு வசனத்தில சொல்லுங்கோ! எப்பிடிப்பட்ட சிப்பி? என்ன நிறம்?" என்று அவன் அதட்டினான். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஒவ்வொரு பின்னேரமும் அவர்களே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"பாத்தீரோ என்ர படிப்பிப்பை?" என்று நிரோஜன் மீசையைத் தடவினான்.

"ஓம், பாத்தனான்," என்றாள் பவதாரணி.

எட்டாம் திருவிழா பின்னேரமும் பாடம் நடந்தது. நிரோஜன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். புளிக்கிற தேசிக்காயை வெட்டித் தேய்த்தான். போதாதென்று ஒரு பிடி திருநீற்றையும் பூசிக்கொண்டு வீடு வந்தான். அங்கே பவதாரணி புதுப்பாடம் வைத்திருந்தாள். தாரிகாவின் கண்ணைத் துவாயால் கட்டியிருந்தாள்.

"மணந்து பாத்து, என்ன மணம், எப்பிடிப்பட்ட மணம் எண்டு சொல்ல வேணும். அப்பா சொல்லித் தந்த மாதிரி முழு வசனத்தில."

கற்பூரம் வந்தது. வேப்பம்பூ வந்தது. தாரிகா பிழையில்லாமல் சொன்னாள்.

"இப்ப நீங்கள் கையை நீட்டுங்கோ," என்றாள் பவதாரணி புருஷனைப் பார்த்து.

"என்ர கை என்ன சாமானே?"

"நாளைக்குக் காளாஞ்சி வாங்கிற கை. பிள்ளை மணக்கட்டுமன்."

நீட்டாமல் விட ஏலுமோ? நீட்டினான்.

"மேல திருநீறு மணக்குது," என்றாள் தாரிகா. நிரோஜனுக்கு மூச்சு வந்தது. அவள் இன்னொருமுறை மணந்தாள். "அடியில, முருங்கையிலை போட்டுக் காய்ச்சின, நல்ல உறைப்பான, பெரிய நண்டு மணக்குது."

"பிள்ளைக்குத் தடிமன், மூக்கடைப்பு!" என்று நிரோஜன் கத்தினான்.

"தடிமன் எண்டா மணமே தெரியாதெல்லோ?"

"பெத்த தகப்பனை மணந்து பாத்துப் பாடம் படிப்பிக்கிற வீடு உலகத்தில எங்கயாவது இருக்கோ? அநியாயம்! சரி, உமக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. செபஸ்தியம்மா எங்கட வேலியிலதான் முருங்கையிலை ஒடிச்சவ. 'தம்பிக்கு நண்டு காய்ச்சப் போறன்' எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் ஒடிச்சவ."

"பின்னை ஏன் வாயைத் திறக்காமல் இருந்தனீர்?"

"பிள்ளையள் வடிவாப் படிச்சுக்கொண்டிருந்துதுகள். நான் தலைகீழா நிண்டு கேட்டாலும் நீங்கள் படிப்பிச்சிருப்பியளோ? அதைக் குழப்புவானேன்?"

நிரோஜனின் குரல் இறங்கியது. "அப்ப நாளைக்கு? இஞ்சரும், வெளியில ஒருத்தருக்கும் தெரியாதெல்லோ. அம்மாள் பொறுப்பா."

"அம்மாள் பொறுப்பா. நான் பொறுக்கமாட்டன். அண்ணை நிப்பார்."

"ஆர், கேதீஸோ? விடியக் கோயில், இப்ப போய்ச் சொன்னா அவன் எப்பிடி ஆயத்தப்படுவான்? உடுக்க ஒரு நல்ல வேட்டி கூட இராது அவனிட்ட!"

பவதாரணி பிள்ளையின் கண்கட்டை ஆறுதலாக அவிழ்த்தாள்.

"உங்கட பட்டு வேட்டியை நேற்றே உடுத்திப் பாத்திட்டார். அவருக்கு நல்ல வடிவாயிருக்கு."