ஆறு கம்பிகள்

நாலாம் பாதையின் தடுப்புக் கம்பி பாதி ஏறி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், பதில் தெரியாமல் கை தூக்கிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றது.

"தம்பி, என்னப்பா ஆச்சு இதுக்கு?" என்றார் விசில் மேடம்.

அவர்தான் அந்த டோல்கேட்டின் மேலாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் கணவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். தம்பி என்று கூப்பிட்டது மெக்கானிக்கை. கணவரின் கூடப்பிறந்த தம்பியேதான். மாமியார் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து வாங்கிக் கொடுத்த வேலை அது.

"மோட்டார் நல்லா ஓடுது அண்ணி. கம்பிக்குத்தான் மனசு வரலை."

"அது மனசை மாத்துறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். பதினொரு மணிக்குத் தலைமைப் பொறியாளர் வர்றாரு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? எந்தக் கேட்டில் வண்டிகள் அதிகம் தேங்குகின்றனவோ, அதை வெளிக் கம்பெனிக்கு விட்டுவிடுவோம் என்று முந்தாநாள்தான் அவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. இதை விட்டுவிட்டால், இங்கே வேலை பார்க்கும் பதினாலு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போது மணி ஒன்பது.

மெக்கானிக் பெட்டியைத் திறந்து எதையோ திருகினான். நாலாம் பாதைக் கம்பி சமர்த்தாக இறங்கியது. அதே நேரத்தில் மூன்றாவதும் ஐந்தாவதும் விறுவிறுவென்று ஏறி, அப்படியே நின்றுவிட்டன.

"இப்ப ரெண்டு போச்சே!"

"ஒண்ணு சரியாயிடுச்சுல்ல அண்ணி?"

மேடம் பல்லைக் கடித்தார். "மொத்தமா அணைச்சுட்டு மறுபடி போடு."

போட்டான். ஆறு கம்பிகளும் ஒரே நேரத்தில் பொத்தென்று விழுந்தன. ஒரு கம்பி லாரியின் நெற்றியில் தட்டிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுகூட அசையவில்லை.

கால் மணி நேரத்தில் வண்டி வரிசையின் வால் பாலத்தைத் தொட்டது. ஹாரன் சத்தத்தில் கண்ணாடிகள் அதிர்ந்தன. கவுண்டரில் இருந்த பெண் தலையை வெளியே நீட்டினாள்.

"மேடம், முட்டை வண்டிக்காரர் கேக்கறாரு, இங்கேயே குஞ்சு பொரிச்சுட்டுப் போகட்டுமான்னு!"

"ஆளுக்கு ஒரு கம்பியைத் தூக்கிப் பிடிங்க!"

ஆறு பேர் தூக்கிப் பிடித்தார்கள். உள்ளே மோட்டார் கீழே இழுத்தது; இவர்கள் மேலே இழுத்தார்கள். பத்து வண்டி போவதற்குள் ஆறு பேரின் கையும் கழன்றுவிடும் போலிருந்தது. கயிற்றால் கூரையோடு கட்டிப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது, கூரைத் தகடும் ஒன்று கூடவே வந்தது.

மேடம் பாலத்தைப் பார்த்தார். தன் பதினாலு பேரைப் பார்த்தார். விசிலை நீளமாக ஊதினார்.

"கழட்டு."

"எதை அண்ணி?"

"ஆறையும்."

மெக்கானிக் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வேலையைச் சொன்ன நேரத்தில் செய்து முடித்தான். முதல் லாரி நகர்ந்தது. போகிற வண்டியெல்லாம் ஓசியில்தான் போகிறது என்று மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைக்கு மேலே 'டிங்' என்றது.

அடுத்த வண்டி. 'டிங்.'

"தம்பி, என்ன சத்தம் அது?"

"மேல இருக்கிற பெட்டி, வண்டிக் கண்ணாடியில ஒட்டின டேக்கைப் படிக்குது அண்ணி. கட்டணம் தானாப் போயிடும். கம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"டேக் இல்லாத வண்டி?"

"கேமரா நம்பரைப் படம் புடிச்சுக்குது. பில்லு வீடு தேடிப் போகும்."

"அப்ப இத்தனை வருஷமா இந்தக் கம்பி எதுக்கு?"

மெக்கானிக் யோசித்தான். "நம்மளைக் கத்த வைக்க."

மேடம் காவலாளியின் கையில் பச்சைக் கொடியைக் கொடுத்தார். "எவன் நின்னாலும் விரட்டு. காரணம் கேட்டா, அதுக்கும் சேர்த்து விரட்டு!"

வண்டிகள் மதகு திறந்த தண்ணீராகப் பாய்ந்தன. டிங், டிங், டிங். லாரிக்காரர்கள் ஜன்னல் வழியே கும்பிடு போட்டார்கள். ஒரு பேருந்து முழுக்கக் கை தட்டிக்கொண்டு போனது. பத்து மணிக்கு ரோடு துடைத்து விட்டதுபோல் கிடந்தது. கவுண்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மேடம், ஒரு வண்டியோட கட்டணம்கூட விடுபடலை!"

பதினாலு பேரும் போட்ட கூச்சலில் விசில் சத்தமே கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு எல்லோரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அலுவலக வாசலில் வரிசையாக நின்றார்கள். சுழல் விளக்கு வைத்த அரசாங்கக் கார் எதுவும் வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. அப்போதும் வரவில்லை. கேன்டீனுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த ஆறு கம்பிகளையும் மேடம் போய் ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தார்.

"யாரோ முன்னாடியே போட்டுக் குடுத்துட்டாங்க தம்பி. அரசாங்கச் சொத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கோம். நான்தான் கழட்டச் சொன்னேன்னு சொல்லிடறேன். உன் பேரை இழுக்க மாட்டேன்."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "உங்களை மாதிரி ஒரு மருமக கிடைக்காதுன்னு அம்மா சொல்லுவாங்க அண்ணி."

"அத்தையா? எப்ப சொன்னாங்க?"

"இன்னைக்குச் சாயந்திரம் சொல்லுவாங்க. நான் சொல்ல வைக்கிறேன்."

போன் அடித்தது. மேடம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

"மேடம், தலைமைப் பொறியாளரோட டிரைவர் பேசறேன். ஐயாவோட சொந்த வண்டியில மூணு தடவை உங்க கேட்டுக்கு வந்துட்டோம்; மூணு தடவையும் காசை எடுத்துக்கிட்டு, கொடியை ஆட்டி விரட்டிட்டாங்க. 'வண்டியை நிறுத்தாத கேட்டுக்குத்தான்யா நாலு வருஷமா மீட்டிங் போட்டுக்கிட்டிருக்கோம், மத்த கேட்டையெல்லாம் அந்தம்மா கையில குடுக்கப்போறேன்'னு ஐயா சந்தோஷத்துல சீட்டுல உக்கார மாட்டேங்கறாரு. நாலாவது தடவையா வர்றோம், எங்களைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"