மேட்டைப் பார்த்து ஓடிய காலை

நிக்கோபார் தீவில் இருக்கும் எங்கள் கேம்பல் பே ஊரில் காரணமில்லாமல் ஓடக் கூடாது. அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடவே கூடாது. இத்தனை வருடம் இங்கே பள்ளி ஆசிரியையாக இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. (பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துவேன்.)

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் போனது. எனக்கு நாற்பது தாண்டியதும், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். பதறிப்போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

“தினமும் நடக்கிறேன் டாக்டர்.”

“எப்படி நடக்கிறீங்க?”

“பக்கத்து வீட்டு ராணியோட, பேசிக்கிட்டே.”

அவர் சிரிக்கவில்லை. “அதுவும் நல்லதுதான். ஆனா உங்களுக்கு இன்னும் வேகம் வேணும். பேச முடியாம மூச்சு வாங்கணும். இதயம் நல்லா இருக்கு, பயமில்ல. கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.”

‘கொஞ்சம் கொஞ்சமா’ மட்டும் என் காதில் ஏறவில்லை. மறுநாள் காலை ராணியைக் கூப்பிடாமல், படகுத்துறைப் பக்கமிருந்து மேட்டுச் சாலையில் ஓட ஆரம்பித்தேன். கூந்தல் அவிழ்ந்தது. வார் அறுந்த செருப்பு கைக்கு வந்தது. (என் முகம் எப்படி இருந்தது என்று பிறகு பலர் நடித்துக் காட்டினார்கள்.)

வழியில் பல்பீர் அங்கிள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே குடியேறிய பஞ்சாபிக்காரர். சுனாமியில் மனைவியைப் பறிகொடுத்தவர்.

“க்யா ஹுவா, டீச்சர்ஜி?”

என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டாக்டர் சொன்னபடியே ஒரு வார்த்தையும் வரவில்லை. மேட்டைக் கையால் காட்டினேன். அதுவரை போகிறேன் என்று அர்த்தம்.

“பாகோ! ஊபர் பாகோ!” ஓடுங்கள், மேலே ஓடுங்கள் என்று கத்தியபடி அவர் கதவு கதவாகத் தட்டினார்.

திரும்பிப் பார்த்தால் தெருவே என் பின்னால் வந்துகொண்டிருந்தது. ராணி போர்வையோடு வந்தாள். என் கணவர் ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையும் இடுப்பில் மகளுமாக வந்தார். அத்தனை பேரும் ஓடுவதைப் பார்த்து, உண்மையாகவே கடல் வருகிறது என்று நம்பி, நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

மேட்டில் தண்ணீர்த் தொட்டியருகே எல்லோரும் நின்று கீழே பார்த்தோம். கடல் அசையாமல் கிடந்தது.

“நிலம் ஆடுச்சா?” என்றார் கணவர்.

“இல்லைங்க.”

“பின்ன எதுக்கு ஓடுன?”

“சுகருக்கு.”

யாரோ திட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். ராணி போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பல்பீர் அங்கிள் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

“மாஃப் கரோ அங்கிள்” என்று மன்னிப்புக் கேட்டேன்.

“நஹீ, பேட்டீ.” இல்லை மகளே என்றவர், எங்களிடம் பழகிக் கற்ற தமிழில் சொன்னார்: “அன்னிக்கு இப்படி யாரும் முன்னால ஓடல.”

இப்போதும் ஓடுகிறேன், டாக்டர் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. சர்க்கரை இறங்கியிருக்கிறது. வீட்டில் நான் அவசரமாக எழுந்தாலே மகள், “அம்மா, சுகரா, கடலா?” என்பாள். உபயம், பல்பீர் அங்கிள். தினமும் காலையில் நான் அவர் வாசலைக் கடக்கும்போது எழுந்து நின்று கேட்பார்: “ஷுகர், யா சமுந்தர்?”

எனக்கு மூச்சு வராது. சர்க்கரைக்கு ஒரு விரல், கடலுக்கு இரண்டு விரல் என்று எங்களுக்குள் பேச்சு. ஒரு விரலைக் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் உட்காருவார்.