உன் பெயருக்கு அர்த்தம் கேட்டாயே

அன்புப் பேரனுக்கு, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கடுதாசி எழுதுவதை நிறுத்தாத உன் பாட்டி எழுதுவது. தாத்தா நலம், முழங்காலைத் தவிர நானும் நலம்.

உன் அக்கா பல் டாக்டராகி முதலில் என் பல்லைத்தான் பிடுங்கினாள், பக்கத்துப் பல்தான் என்றாலும் வலிக்கவே இல்லை. உன் தம்பி ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவது, ஓடியதே மூன்று பேர் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயோ பத்துப் பேருக்கு மேலதிகாரி. இப்படியிருக்க, "தாத்தாவின் பெயரை எனக்கு வைத்துவிட்டீர்கள், ஆபீசில் யார் வாயிலும் நுழையவில்லை, அர்த்தமும் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை மனுக் கொடுத்து மாற்றப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ பிடித்து வைத்திருக்கும் புதுப் பெயர் இரண்டே எழுத்து, கூப்பிட வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கோபத்தில் அது என்ன பெயரென்று தாத்தாவிடம் நான் சொல்லவே இல்லை.

அர்த்தம்தானே வேண்டும் என்று மாடிவீட்டு ரிட்டயர்டு வாத்தியாரிடம் போனேன். அவர் மூன்று தடிப் புத்தகங்களை இறக்கி, தும்மி முடித்து, "ரொம்பப் பழைய பேரும்மா. பொய்யே சொல்லாதவன்னு அர்த்தம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து சொன்னால் தாத்தா இருமல் வரும்வரை சிரிக்கிறார்.

"அது என் பேரே இல்லடி. பள்ளிக்கூடத்துல முதல் நாள், பக்கத்துல உக்கார வேண்டியவன் வரல. பாவமேன்னு அவன் பேருக்கு 'உள்ளேன் ஐயா'ன்னுட்டேன். அடுத்து என் பேரைக் கூப்பிட்டாங்க, வாயைத் திறந்தா மாட்டிக்குவேன். அவன் ஊரைவிட்டே போயிட்டான், சர்டிபிகேட்டெல்லாம் அவன் பேர்லயே வந்துடுச்சு."

"ஐம்பத்திரண்டு வருஷமா என்கிட்ட சொல்லலயே?"

"நீ கேக்கலயே."

"அப்போ நான் யாரைத்தான் கட்டிக்கிட்டேன்?"

"ஆளு இதேதான்."

சிரிக்காதே. படிப்பு முடிந்த பிறகு அவர் முப்பது வருஷம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தார், ஒரு கிலோ கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை, அவர் சொன்னால் லாரிக்காரர்கள் முள்ளைக்கூடப் பார்க்க மாட்டார்கள். பொய்யில் வந்த பெயரை மெய்யாக்கித்தான் உன் கையில் கொடுத்தார். நீ கழற்றி வைத்துவிட்டால் அவருக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஆகவே மாற்றாதே.

நேரத்துக்குப் பசியும் படுத்ததும் தூக்கமும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
பாட்டி

பி.கு.: உறையை ஒட்டும்போது தாத்தா, "அப்படி என்ன பேருக்குத்தான் மாறப் போறானாம்?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "பள்ளிக்கூடத்துல அன்னிக்கு வாத்தியார் ரெண்டாவதா கூப்பிட்டது அந்தப் பேரைத்தான். யாருமே பதில் சொல்லல" என்றார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் நில், கூப்பிட்டால் சத்தமாகப் பதில் சொல். அப்படியே புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. சுவரில் மாட்டியிருப்பது பழைய பெயர்க்காரன் போட்டோ.