தரும விடுதியைப் பார்வையிட்ட விவரம்

தனக்கொடியம்மாள் தரும விடுதி,
மணப்பட்டு.
தாது வருஷம் மாசி மாதம் 9ஆம் தேதி, சனிக்கிழமை.

பூரண ஆயுளும் சகல பாக்கியமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டிய சிரஞ்சீவி நாகராஜனுக்கு, உன் தகப்பன் பச்சையப்பன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகள் அமுதமும் மாடு கன்றுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நான் சுகமா இல்லையா என்பதைக் கடிதத்தை எழுதி முடித்த பிறகுதான் என்னாலேயே சொல்ல முடியும். முதலில் முக்கியமான சங்கதி: வண்டி வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்னை வாடகை வண்டியில் ஏற்றும்போது, "ரெண்டே நாள்ப்பா, வியாழக்கிழமை நம்ம வண்டி வந்துடும்" என்று சொன்னாய். இன்று சனி. என் முழங்கால் படும் பாடு உனக்குத் தெரியும், மணப்பட்டிலிருந்து நடந்து வர என்னால் ஆகாது. கடிதம் கண்டதும் வண்டிக்காரன் தங்கவேலிடம் வண்டி பூட்டச் சொல்லவும்.

மற்றபடி நீ ஒப்படைத்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தரும சபைக்காரர்கள் இந்த அநாதை முதியோர் விடுதியின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துச் சொல்ல நேர்மையான ஆள் ஒருவரைத் தேடுகிறார்கள், முப்பது வருஷம் மேரி ஆபீசில் சர்க்கார் பதிவேட்டில் பிறப்பு இறப்பு எழுதிய நீங்கள்தான் அதற்குச் சரியானவர் என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. பென்ஷன் வாங்கி மூன்று வருஷமாக என்னை ஒருவரும் எதற்கும் கேட்கவில்லையே. அமுதமும் பொறுப்பான பெண். இரண்டு நாள் வேலைக்கு டிரங்குப் பெட்டியில் எட்டு வேட்டி, என் வெற்றிலைப் பெட்டி, உன் அம்மாவின் படம், மார்கழிக் கம்பளி எல்லாம் வைத்திருக்கிறாள். கம்பளியைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது.

விடுதி சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் என் வழக்கப்படி நோட்டை விரித்தேன். கூரை: ஒழுகவில்லை. கிணறு: சுவர் இடுப்பு உயரம், தண்ணீர் லேசான உப்பு. கஞ்சி: கல் இல்லை, குறுநொய். கயிற்றுக் கட்டில்கள்: பதினான்கு, தொய்வு இல்லை. இவ்வளவு சுத்தமான இடத்தை நான் நம் கொம்யூனில் எந்த ஊரிலும் பார்த்ததில்லை, அதுதான் முதலில் என்னை உறுத்தியது. பன்னிரண்டு கிழங்கள் இருக்கிற இடத்தில் ஒரு இருமல் சத்தம் வேண்டாமா? ஒரு சண்டை? பன்னிரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து, நான் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார்கள். புது ஆளைப் பார்க்கிற பார்வை அல்ல அது, வர வேண்டியவன் வந்துவிட்டான் என்கிற பார்வை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பலகை, அதில் சுண்ணாம்பால் ஒரு பெயரும் இரண்டு தேதிகளும். இரண்டு பலகை மட்டும் காலி. விடுதியைப் பார்த்துக்கொள்கிற ரோசம்மாள் அதில் ஒரு கட்டிலில் என் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை என்று பாதுகாப்புக் குறையாக எழுதிக்கொண்டு, இது என்னம்மா, ஆட்கள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "யாரும் போவ மாட்டாங்க ஐயா. போனவங்க ரெண்டு பேரு. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிட்டாங்க" என்றாள். சிரிக்காமல் சொன்னாள், அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு ஆள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக் குடித்துக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். பனித்திட்டு இருசப்பன். நாகராஜா, இருசப்பன் செத்து எட்டு வருஷம் ஆகிறது. அவன் சாவை என் கையால் எழுதினேன், இரண்டு சாட்சி ரேகை வைத்தார்கள், எல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம். சொம்பைக் கீழே வைத்தேன். செத்தவர்களுக்குக் கால் தரையில் படாது என்று சொல்வார்களே, நான் மெதுவாகக் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி பார்த்தேன். கால் இருந்தது. இரண்டும் இருந்தது. வலது கால் யானைக்கால், அதுவே மூன்று ஆள் காலுக்குச் சமம். அதைப் பார்த்ததும் உயிர் வந்தது, உடனே மறுபடி போயிற்று, ஏனென்றால் அவன் பின்னால் எழுந்து வந்தவள் பாகூர் விருத்தாம்பாள். அவளையும் நான்தான் எழுதினேன். "வாப்பா எழுத்தரு. நல்லாக் கீறியா? இன்னும் அதே வயலட் மையிலதான் எழுதறியா?" என்றாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரோசம்மாள் வந்து விசிறினாள்.

தெளிந்த பிறகு கோபம் வந்தது. சேர்க்கைக் காகிதங்களைக் கொண்டு வா என்று அதட்டினேன். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு பேருக்கும் மேரியில் கொடுத்த மரணச் சீட்டு. அதில் ஒன்பது என் கையெழுத்து, மூன்று என்னிடம் வேலை பழகிய பலராமன் எழுத்து. இது என்ன அக்கிரமம், உயிரோடு இருக்கிறவர்களைச் சேர்க்க மரணச் சீட்டு எதற்கு என்று கேட்டேன். "உசுரோட கீறவங்கன்னு சேர்த்தா, பங்காளிங்க வந்து சொத்து, கையெழுத்துன்னு ரகளை பண்றாங்க ஐயா. இந்தச் சீட்டு இருந்தா ஒருத்தரும் வர்றதில்ல, நிம்மதியாக் கீது" என்றாள். இருசப்பன் ஒருமுறை கிளம்பி வீட்டுக்குப் போனானாம். "எம் பொண்டாட்டி உப்பையும் மொளகாயையும் மூஞ்சில வீசி அடிச்சா ஐயா. மேரிக்குப் போனேன். நீங்க நிமிந்தே பாக்கல. எழுதினது எழுதினதுதான், போய்யான்னீங்க" என்றான். சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வேன். செத்தவனை நேரில் போய்ப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அந்த வெயிலில் யார் போவது? இரண்டு சாட்சி வந்து நின்றால் நான் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மையில் தொட்டுவிடுவேன். பலராமனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், சாட்சி இருந்தா போதும்டா, தலையைத் தூக்காதே, வேலை நகராது என்று. வெட்கமாக இருக்கிறது நாகராஜா. இந்த வயதில் எனக்கு இப்படி வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

வியாழக்கிழமை நான் வாசலில் நம் வண்டிக்காகக் காத்திருந்தபோது வேறு ஒரு வண்டி வந்தது. அன்று விருத்தாம்பாளின் திதியாம். ஊரார் பார்வைக்கு மகன் வீட்டில் படையல் போட்டு, அம்மா பெயரால் ஏழைகளுக்கு அன்னதானம் என்று வடை பாயசத்தை இங்கே அனுப்பிவைக்கிறான். இங்கே ஒரு வழக்கம், யார் திதியோ அவர்தான் முதலில் வாய் வைக்க வேண்டும், மற்றவர்கள் அதுவரை இலையைத் தொட மாட்டார்கள். விருத்தாம்பாள் ஒரு வடையைக் கிள்ளி வாயில் போட்டாள். பதினோரு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உப்பு பத்தல. மருமவ கை" என்றாள். எல்லாரும் சாப்பிடத் தொடங்கினார்கள். வேலியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள், அவள் ஒரு கவளத்தை எடுத்து வீசிய பிறகுதான் இறங்கின. அதையும் பார்த்துவிட்டு நான் மூன்று வடை தின்றேன், பொய் சொல்வானேன். கை கழுவும்போது விருத்தாம்பாள் கேட்டாள், "உன்னுது எப்ப தம்பி?" நான் இங்கே சோதனைக்கு வந்த அதிகாரி என்று விளக்கினேன். "ஆமாம்பா, இருசப்பனையும் தென்னங்கன்னு எண்ணத்தான் கூட்டியாந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதைக் கேட்ட நேரத்திலிருந்து மனசுக்குள் ஒன்று அரிக்கிறது. ஏரிக்கரை நிலத்தை விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தைமாசம் உன்னோடு சண்டை போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ அப்படிப்பட்ட பிள்ளை அல்ல. நொத்தேரிடம் நிலப் பத்திரம் எழுதப் போக வேண்டுமானால் நான் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு என் முடிவு: இந்த விடுதி மனிதர்கள் இருக்க லாயக்கில்லாதது, உடனே மூட வேண்டும், பன்னிரண்டு பேரையும் நானே மேரிக்கு அழைத்துப்போய் உயிர்ப்பிக்கப் போகிறேன். அதற்கு முதலில் நான் வீடு வந்து சேர வேண்டும். வண்டி அனுப்பு. தோப்புப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து எழுந்து போய் நிற்கிறேன். நான் திரும்பி வந்ததும் ரோசம்மாள் கஞ்சியை ஊற்றிவைக்கிறாள். இந்தக் கடிதத்தை இங்கே வருகிற முதல் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

அமுதத்துக்கு என் ஆசீர்வாதம். சிவப்புப் பசுவுக்குப் புண்ணாக்கு குறைக்க வேண்டாம். எல்லா நலமும் பெற்று என்னைப் போல நீண்ட ஆயுளோடு இருப்பாயாக.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் அப்பா,
பச்சையப்பன்

பின்குறிப்பு. மாசி 20, புதன்கிழமை. முதல் வண்டி இன்றுதான் வந்தது. நம்முடையதேதான், தங்கவேல்தான் ஓட்டி வந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் முதலில் என் காலைத்தான் பார்த்தான். பிறகு உட்கார்ந்து அழுதான். "நீங்க பட்டணத்துல செத்துட்டீங்க எஜமான். அங்கியே கொள்ளி வச்சாச்சுன்னு சின்ன எஜமான் சொன்னாரு. நான் மொட்டை போட்டுக்கினேன். இன்னிக்கி பதினாறாம் நாளு. வூட்ல காக்கா ஒரு மணி நேரமா சோத்தைத் தொடல." மேரியில் ஒரு காகிதத்தில் ரேகை வைக்கச் சொன்னாயாம், என்ன காகிதம் என்று அவன் கேட்கவில்லையாம். பாவம், நல்ல பிள்ளை. அவனையாவது என்னைப் பார்த்து அழ விட்டாயே.

என் பலகையில் ரோசம்மாள் தேதியை எழுதிவிட்டாள். பன்னிரண்டு பேரும் இலை முன்னால் காத்திருந்தார்கள், வழக்கப்படி நான்தான் முதலில் வாய் வைத்தேன். பாயசம் நன்றாக இருந்தது. அமுதத்திடம் சொல். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். விடுதி முதல் தரம், மூட வேண்டியதில்லை, வண்டி இனி எனக்காக அனுப்ப வேண்டாம்.

தங்கவேல் இன்று நான் எழுதிய இன்னொரு காகிதத்திலும் ரேகை வைத்தான், ரோசம்மாள் இரண்டாவது சாட்சி. வழியில் முதலில் மேரியில் இறங்கி பலராமனிடம் அதைக் கொடுத்து எழுதி வாங்கிய பிறகுதான் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பான். பலராமன் தலையைத் தூக்க மாட்டான். உன் பிறந்த தேதிக்கு நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அதை எழுதியவனும் நான்தானே. நொத்தேர் செத்தவர்களிடம் கையெழுத்து வாங்குவதில்லை, ஆகவே ஏரிக்கரை நிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காலியாக இருக்கிற கட்டில் என் பக்கத்தில், ஜன்னலோரம். வரும்போது ஒரு கம்பளி எடுத்து வா, மாசிப் பனி இங்கே கொஞ்சம் அதிகம்.