ஆணி அடிக்காத வீடு

உத்திரத்தின் நாக்கு, தூணின் துளைக்குள் போக மறுத்தது. தச்சர் அழகன் மரச் சுத்தியலால் ஓங்கி அறைந்தும் அது அசையாமல், அக்கரப்பத்தனை மழையில் நனைந்தபடி, பழிப்புக் காட்டுவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மழையில மரம் ஊதிப்போச்சு சார். ஒரு நூலு சீவிப்புட்டா சரியாயிரும்."

"சீவிறதோ? என்ர படத்தில ரெண்டு அங்குலம் எண்டால் ரெண்டு அங்குலந்தான்!" என்றார் துரைராசா.

அவர் யாழ்ப்பாணத்தவர்; நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் படம் வரைந்து ஓய்வுபெற்றவர். மலைநாட்டுக் குளிரை விட்டுப் போக மனமின்றித் தமக்கெனத் தாமே ஒரு வீட்டை வரைந்திருந்தார். காற்றில் விழுந்த யூக்கலிப்டஸ் மரங்களே ஒன்பது தூண்கள். ஈரம் ஏறாதிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல். சாரல் தீண்டாதிருக்க நீண்டிறங்கும் கூரை. மரத்தோடு மரத்தைப் பூட்டும் பழைய தச்சுமுறையாதலால் வீடு முழுவதிலும் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளும் ஓடுகளும் தயாராகக் காத்திருந்தன. சட்டகம் நிமிர்வதொன்றே குறை.

புதுவீடு புகும் நாள் நெருங்க, அந்தக் குறையைத்தான் அவர் மனைவி சரோஜாதேவி நாள்தோறும் நினைவூட்டினார்.

"குடிபூரலுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. அண்ணா கொக்குவிலில இருந்து வாறார். அண்டைக்கு வீடு நிக்காட்டில், நான் அவரோடயே போறன். நீங்கள் உந்தத் தூணுகளோட குடும்பம் நடத்துங்கோ!"

துரைராசா உடனே செயலில் இறங்கினார். பிளாஸ்டிக் தறப்பாளைக் கூரைபோல் கட்டி, அதன்கீழ்த் தீ மூட்டி, மரங்களை உலர்த்த முற்பட்டார். மரம் உலருமுன் தறப்பாள் உருகிற்று. அதில் விழுந்த ஓட்டை வழியாக அதுவரை நனையாதிருந்த இரண்டு தூண்களும் நனைந்தன.

அப்போதுதான் அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. அங்கே மேல்மாடியில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி இளஞ்சூட்டுக் காற்றால் வாட்டுவார்கள். கொழுந்தை வாட்டும் காற்று மரத்தை மட்டும் வாட்டாதா? நேரே, தேயிலை பதனிடலுக்குப் பொறுப்பான டீமேக்கர் நிரஞ்சனிடம் போய் நின்றார்.

"சார், இது தேயில வாட்டுற எடம். தோட்டத்துத் தொர பாத்தாருன்னா மொதல்ல என்னையத்தான் வாட்டுவாரு!"

"தம்பி, என்ர மனிசி கொக்குவிலுக்கு வெளிக்கிடப்போறா."

நிரஞ்சனும் மணமானவர். உடனே மாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

கொழுந்துப் படுக்கைகளுக்கிடையே உத்திரங்களோடு ஒன்பது தூண்களும் நான்கு நாட்கள் மாப்பிள்ளைகளைப் போலப் படுத்துக் கிடந்தன. கொண்டுவந்து பூட்டியபோது நாக்குகள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. அதே சுகத்தில் வெளியேயும் வந்தன. சட்டகம் நிமிர்ந்தது உண்மையே. ஆனால் அழகன் தும்மியபோது அது கிழக்கே சாய்ந்தது.

"இப்ப ரொம்பக் காஞ்சு சுருங்கிருச்சு சார். ரெண்டே ரெண்டு ஆணி..."

"அந்தச் சொல்லை இந்தக் காணிக்குள்ள சொல்லாதையும்!"

வேறு வழியென்ன? உலர்த்திய மரத்தை நனைக்க வேண்டியதுதான். மழையும் அப்போது பார்த்து ஓய்ந்துவிட்டதால், துரைராசா காலைதோறும் பூவாளியோடு ஒவ்வொரு பூட்டுக்கும் நீர் வார்க்கலானார். கொழுந்துக் கூடையோடு அவ்வழியே போன மீனம்மா நின்று பார்த்தாள்.

"என்னாங்க சார், தூணு தளிர் விடுமா?"

"பூட்டு இறுகிறதுக்கு, பிள்ளை."

"விட்டுச்சுன்னா சொல்லுங்க. பறிக்க நாங்களே வாறோம்!"

மீனம்மாவின் சிரிப்பு மலைச்சரிவெங்கும் பரவிற்று. ஆயினும் ஆறாம் நாள் அழகன் தோளால் முட்டிப் பார்த்தபோது தூண் அசையவில்லை. தோள்தான் வலித்தது. அதன்பின் பலகைகள் ஏறின, ஓடுகள் அமர்ந்தன.

குடிபூரலன்று மைத்துனர் தில்லையம்பலம் வந்திறங்கினார். கையிலே வாழ்த்துப் பரிசு இல்லை. ஒரு காந்தக் கட்டி இருந்தது.

"கோபிக்காதையும் மச்சான். ஆணி இல்லாத வீடெண்டு கொக்குவில் முழுக்கச் சொல்லிப்போட்டீர். நானும் ஒருக்காப் பாப்பம்."

தூண் தூணாக, பலகை பலகையாக அவர் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். அது எங்கும் ஒட்டவில்லை. கடைசியாகத் தம்முடைய இடைவாரின் கொளுவியில் ஒட்டிக்கொண்டதை இழுத்தெடுத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"மச்சான், நீர் வெண்டிட்டீர். இது வீடுதான்!"

பால் பொங்கி வழிந்தது. "நான் இவரை விட்டிட்டு எங்கயும் போகேல்ல, அண்ணா" என்றார் சரோஜாதேவி. துரைராசாவின் மார்பு அவருடைய தூண்களைப்போல் நிமிர்ந்தது.

அவ்வேளையில் வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. தொழிற்சாலை எழுதுவினைஞன் வினோஜன் நான்கு ஆட்களுடன் இறங்கிவந்து, பணிவாகக் கைகூப்பினான்.

"மன்னிச்சுக்குங்க சார், ஒங்க தூணுங்க மாடியில கெடந்த நாலு நாளும் வாட்டுன தேயிலைக்கு இப்பிடியொரு வாசமான்னு கொழும்பு ஏலத்துல கொண்டாடுறாங்களாம், அதான் ஒன்பதையும் மறுபடி ஏத்திட்டு வரச்சொல்லித் தொர அனுப்புனாரு, ஆணியில்லாத வீடுதானே, கழட்டுறது லேசுன்னாரு!"