பத்தாயிரம் வருஷமாக ஆள் தங்காத நிலம்

நார்த் பெல்டன், வெர்மான்ட்
அக்டோபர் கடைசி வாரம்

அன்புமிக்க ஹாரியட் அக்காவுக்கு, தம்பி மெர்ட்டன் எழுதுவது. இங்கே நானும் வெர்னாவும் மாடுகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே ஃப்ளோரிடா வெயிலில் உன் முட்டிவலி தேவலை என்று நம்புகிறேன்.

குளிர்காலத்தில் வயலில் சாணம் கொட்டக்கூடாது என்பது சட்டம். சேர்த்துவைக்கக் குழி இல்லையென்றால் மாடுகளை வைத்திருக்க முடியாது. குழிக்கு அரசாங்கம் உதவுகிறது. ஆனால் தோண்டுவதற்கு முன்னால் அங்கே பழங்கால மனிதர்கள் வாழ்ந்தார்களா என்று பார்த்தாக வேண்டுமாம். அதற்காகக் கோரின் என்றொரு தொல்லியல் ஆய்வாளர் பெண் சல்லடையும் கையுமாக வந்தாள். ஆற்றோர மேய்ச்சல் நிலத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் எடுத்து, மண்ணைச் சலித்து, மறுபடி மூடி, புல்லையும் பத்திரமாகத் திருப்பி வைத்தாள். நம் நிலத்துக்கு இத்தனை மரியாதை யாரும் செய்ததில்லை. முதலில் கிடைத்தது அப்பாவின் பல்செட். நீதான் ஒளித்து வைத்தாய் என்று சாகும்வரை சொன்னாரே, அதேதான். அவள் அதைப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டினாள். "அம்பது வருஷம் தாண்டுனா எங்களுக்குப் பழம்பொருள் சார்"னா. "அப்ப என்னையும் ஒரு பையில போடும்மா"ன்னேன். அவ சிரிக்கல.

அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லக்கா. ஒரு அம்புமுனைகூட இல்ல, ஒரு சட்டி ஓடுகூட இல்ல, ம்ஹும். நேத்து வந்து, "நல்ல சேதி சார். மனுஷங்க தங்குன அடையாளமே இல்ல. இன்னும் ஒரே குழிதான் பாக்கி, அப்புறம் நீங்க ஆரம்பிக்கலாம்"னா. வெர்னா பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னா: "பத்தாயிரம் வருஷமா புத்தியுள்ளவன் ஒருத்தன்கூட இங்க ராத்தங்கல. அப்புறம் வந்துச்சு உங்க குடும்பம்!"

வடக்கு வயலில் வருஷாவருஷம் கல்தான் விளைகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். வெட்கமாக இருக்கிறது அக்கா, நாம்தான் ஏமாந்தோம் போல. அக்கரைப் பண்ணைக்காரர் வாங்கிக்கொள்ளத் தயார். பாதி நிலம் உன் பேரில் இருப்பதால் நீ சரியென்று ஒரு வரி எழுதினால் விற்றுவிடுகிறேன்.

முட்டிக்குத் தைலம் தடவு. அத்தானை உப்பைக் குறைக்கச் சொல். ஆண்டவர் உங்கள் வீட்டையாவது கண்ணெடுத்துப் பார்க்கட்டும்.

உன் தம்பி,
மெர்ட்டன்

பி.கு.: சரியென்று எதுவும் எழுதாதே. அந்தக் கடைசிக் குழியில், ஆற்று வளைவில், வட்டமாக வைத்துத் தீ மூட்டிய அடுப்புக் கற்கள், கரி, கரிந்த மீன்முள். மூவாயிரம் வருஷமாவது இருக்குமாம். "ஒரு ராத்திரி தங்கியிருப்பாங்களா?"ன்னு கேட்டேன். "அடுக்கடுக்கா எரிஞ்சிருக்கு சார். திரும்பத் திரும்ப வந்திருக்காங்க"ன்னா. இனி அங்கே சாணக்குழி கூடாது. வேறு இடம் பார்த்து முதலிலிருந்து சலிக்க வேண்டும். இந்தக் குளிர்காலத்தை எப்படித் தள்ளுவேனோ தெரியாது. ஆனால் நிலத்தை விற்கவில்லை. வெர்னா போய் அந்த அடுப்பை எட்டிப் பார்த்தாள். "இந்த அடுப்ப மூட்டுனவளும் எவனையோ கட்டிக்கிட்டு வந்து மாட்டுனவளாத்தான் இருப்பா" என்றாள். கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. இருட்டும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.