இரண்டு டைமண்ட் ஒன்பது

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தானுக்குக் கண் அறுவைசிகிச்சைக்குப் பிறகு பார்வை தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் நீ உடனே கிளம்பி வந்து, நம் பெண்ணுக்கு நல்ல வார்த்தை சொல்லி, இந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்தித் தர வேண்டும்.

பையனைப் பற்றி உனக்குத் தெரியும். நம் பெண் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் பின்கட்டு அறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவன். அவள் முன்னால் உட்கார்ந்து யாருக்கு எப்போது நேரம் என்று எழுதுகிறாள், அவன் பின்னால் உட்கார்ந்து பல் அடுக்குகிறான், இப்படித்தான் பழக்கம். போலியைச் செய்து அசல் மாதிரி காட்டுவதே பிழைப்பாக உள்ளவன் என்று எனக்கு முதலிலேயே மூக்கு வேர்த்தது. ஆனாலும் வீட்டுக்கு வரட்டும், பார்க்கலாம் என்றேன். ஞாயிறு மதியம் வந்தான். சாப்பிட்டோம். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று சீட்டு எடுத்தோம். ஒரே கட்டு, ஆளுக்கு ஏழு சீட்டு ரம்மி, பந்தயம் எதுவும் கிடையாது, தோற்றவர் டீ போட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எதிரே அவன், ஒரு பக்கம் நம் பெண், மறு பக்கம் உன் தம்பி பெண்டாட்டி. நான் ஜெயித்தேன். அடுத்த ஆட்டமும் நான்தான். அடுத்த ஞாயிறும் நான்தான். மூன்று ஞாயிறாக நான் ஒரு தடவைகூட டீ போடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் அக்கா. எடை குறைத்துப் போடுகிற கடைக்காரன் சாதாரணத் திருடன், அவனை அரைமணி நேரத்தில் பிடித்துவிடலாம். ஆய்வாளரைக் கண்டதும் தாராளமாகக் கூட்டிப் போடுகிறானே, அவன் கடையில்தான் பின்பக்க மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பையன் எனக்குக் கூட்டிப் போடுகிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சீட்டைக் கலைக்கிறவன் பெரும்பாலும் அவன்தான். பல்லுக்கு மெழுகு தேய்த்துத் தேய்த்து அவன் விரல்கள் வழவழவென்று இருக்கின்றன. சீட்டு அந்த விரலில் ஒட்டுகிறதா, நழுவுகிறதா என்றே தெரியவில்லை. இன்றைக்கு மாமனாரை ஜெயிக்கவைக்கிற கை, நாளைக்கு எங்கேயோ உட்கார்ந்து நாலு பேரை மொட்டையடிக்காது என்று என்ன நிச்சயம்?

தராசைத் திருத்தத் தெரிந்தவனால்தான் தராசில் நடக்கும் திருட்டைப் பிடிக்க முடியும். அதனால் நானும் சீட்டு மாற்றும் வித்தையைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். சலவைக் கடை மாடியில் ஒரு மேஜிக்காரர் இருக்கிறார். ஒரு காலத்தில் கைக்குட்டையிலிருந்து குருவி எடுத்ததால் எல்லோரும் அவரைக் குருவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது குருவிக்குத் தீனி போட முடியாமல் சீட்டோடு நிறுத்திக்கொண்டார். அவர் கற்றுக்கொடுத்தது மேல்மாற்று என்ற ஒரே ஒரு வித்தை. கையில் இருக்கும் சீட்டும் கட்டின் மேல் இருக்கும் சீட்டும் ஒரு கண்சிமிட்டலில் இடம் மாறிவிட வேண்டும். அவர் செய்தபோது, மாறியது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் செய்தபோது சீட்டு அவருடைய டீக்குள் விழுந்தது.

“சார், உங்க கையை நீங்களே சந்தேகமா பாக்கறீங்க. அப்புறம் எதிர்ல இருக்கறவன் பாக்க மாட்டானா?” என்றார் குருவி.

“பின்னே எங்கே பாக்கறது?”

“அவன் மூஞ்சியைப் பாருங்க. பேச்சுக் குடுங்க. நீங்க எங்க பாக்கறீங்களோ, அவனும் அங்கதான் பாப்பான்.”

முப்பத்தொரு வருஷம் தராசு முள்ளைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண் அக்கா, எப்படித் திரும்பும்? சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, அதைப் பார்த்துக்கொண்டே மாற்றச் சொன்னார். பத்து நாளில் இந்த வருஷத்து விடுமுறை எல்லாம் மனப்பாடம் ஆயிற்று, சீட்டு மட்டும் மாறவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பயிற்சி செய்ய வேண்டியிருந்ததால் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு நின்றேன். உன் தம்பி பெண்டாட்டி வெளியிலிருந்து, “வயிறு சரியில்லையா, ரெண்டு வாரமா பாக்கறேன்” என்று கேட்கிற நிலைமை. சட்டைக் கைக்குள் சீட்டைச் செருகி நடந்து பழகச் சொன்னார் குருவி. அதை மறந்து அப்படியே ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டேன். நர்ஸ் கையை மடித்துவிட்டபோது ஆர்ட்டின் ராணி அவள் மடியில் விழுந்தாள்.

“இது என்ன சார், பழைய மருந்துச் சீட்டா?” என்றாள் அந்தப் பெண், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஏறிய அழுத்தத்தைத்தான் டாக்டர் குறித்துக்கொண்டு மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். இதுவும் அந்தப் பையனால் வந்த வினைதான்.

சரி, போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஞாயிறு முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை, நான் வழக்கம்போல ஜெயித்தேன். ஆகவே பொறி வைத்தேன். ஆட்டம் தொடங்குமுன் கட்டிலிருந்து கிளாவர் இரண்டை உருவிச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் கலைத்துப் போட்டான். எனக்கு டைமண்ட் எட்டு, ஒன்பது, பத்து வரிசையாக வந்திருந்தது. பார்த்தாயா, எவ்வளவு தாராளம்? நான் அவன் முகத்தைப் பார்த்து, “உங்க வேலையில கடைவாய்ப்பல் கஷ்டமா, முன்பல் கஷ்டமா?” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒன்பதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் கிளாவர் இரண்டை உருவி வைத்தேன். என் வாழ்நாளில் முதலும் கடைசியுமாகக் கை சரியாக வேலை செய்தது அப்போதுதான். இனி மேஜையில் எங்கே தேடினாலும் டைமண்ட் ஒன்பது கிடையாது. எனக்கு வரிசை சேரவே கூடாது.

இரண்டு சுற்று போயிற்று. என் முறை வந்தது, கட்டின் மேலிருந்து சீட்டை எடுத்தேன். டைமண்ட் ஒன்பது.

எழுந்து நின்று, சட்டையை உதறி, இரண்டு ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். “ஒரு கட்டுல எத்தனை டைமண்ட் ஒன்பது தம்பி இருக்கும்?” என்று கேட்டேன். பையன் இரண்டு சீட்டையும் பார்த்தான். பிறகு, காப்பாற்றச் சொல்லிக் கேட்பதுபோல, ஒரு நொடி உன் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே பேசிவிட்டான்.

“நான்தான் மாமா வெச்சேன். மன்னிச்சிடுங்க.”

“நீயா வெச்ச?” என்றாள் நம் பெண். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து நம் பெண் அவனோடும் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். உன் தம்பி பெண்டாட்டியோ நான் ஏதோ கொலை செய்துவிட்டவன் மாதிரி பார்க்கிறாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனுக்கு இந்த வீட்டில் கிடைக்கும் மரியாதை இது. நீ சொன்னால் பெண் கேட்பாள். வந்து, அவன் ஆள் சரியில்லை, மறந்துவிடு என்று பக்குவமாக எடுத்துச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன் வார்த்தையை என்றும் தட்டாத, யாரிடமும் ஏமாறாத,
தம்பி.

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் கடிதம் பிரித்து அடுக்கிய உன் தம்பி பெண்டாட்டி இருக்கும் வீட்டில் அப்படி வைத்தது என் தப்பு. திரும்பி வந்தபோது அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கட்டுச் சீட்டு, நம் வீட்டுக் கட்டுக்கு ஜோடி. மேல் சீட்டை எடுத்தாள். எடுத்தாளா வைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. குருவியே கைகட்டி நிற்க வேண்டும் அக்கா. மதிய இடைவேளையில் கூட வேலை பார்த்தவர்களிடம் கற்றதாம். என் கையில் என்ன சீட்டு என்பது என் மூக்குக்கண்ணாடியிலேயே தெரியுமாம். எனக்கு முன்னால் அவள் முறை, எனக்கு வேண்டியதை அந்த ஜோடிக் கட்டிலிருந்து எடுத்து மேலே வைத்துவிட்டுப் போவாளாம். நான்தான் பையன் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லையே.

“ஒரு வாரம் நீங்க தோத்திருந்தா அன்னைக்கே பையன் சரியில்லைன்னு சொல்லியிருப்பீங்க. ஜெயிச்சா ஒத்துப்பீங்கன்னு நெனச்சேன். ஜெயிச்சாலும் சந்தேகப்படுவீங்கன்னு நான் கண்டேனா” என்றாள். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் ஆடும்போதுகூட நான்தான் எப்போதும் ஜெயிப்பேன். அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது.

பையனை வரச்சொல்லி, செய்யாததை ஏன் செய்ததாகச் சொன்னாய் என்று கேட்டேன். அத்தை சீட்டு வைப்பதை அவன் முதல் ஞாயிறே பார்த்துவிட்டானாம்.

“நீங்க என்னைச் சந்தேகப்பட்டா எனக்கு நாலு நாள் கஷ்டம் மாமா. அத்தையைச் சந்தேகப்பட ஆரம்பிச்சீங்கன்னா அவங்களுக்கு ஆயுசு பூராவும்ல.”

நம் பெண் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அடுத்த மாதம் பதினான்காம் தேதி கல்யாணம். மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு அத்தானோடு பத்து நாள் முன்னதாகவே வந்து சேர். ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாக இருக்க முடியுமா என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது. வந்து நீயும் ஒரு பார்வை பார்.